ஒளிக்குறியீடு கொண்ட நுண்துளைச் சிலிக்கான் துகள்: முதல் முறை செய்யப் போகிறவருக்கு

முனைவர் பட்டப் பதிவு முடிந்த வாரம் என் நெறியாளர் இந்தத் துகளைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து, "இதை நம்ம லேபில் செய்ய முடியுமான்னு பாரும்மா" என்றார். செய்முறைக்கு அதில் ஒதுக்கியிருந்தது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தைச் செய்து முடிக்க எனக்கு 14 மாதங்கள் ஆயின. உண்மையான வேதியியல் எடுத்துக்கொண்டது அதில் நான்கு மாதம்தான். மீதியெல்லாம் தவறாக வாங்கிய வேஃபர் (வட்டமான சிலிக்கான் தகடு), நகராத அனுமதிக் கோப்பு, ஒரே இரவில் நிறம் மாறிவிட்ட மாதிரி என்று போனது. கோவைப் பக்கம் ஒரு சாதாரணக் கல்லூரி எங்களுடையது. கிளீன்ரூம் (தூசி இல்லாத ஆய்வு அறை) கிடையாது, இந்த வேலையை முன்பு செய்தவர் யாரும் துறையில் கிடையாது. அதே நிலையில் தொடங்குகிற உங்களுக்கு அந்தப் பத்து மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆவியையோ புரதத்தையோ கண்டறியும் இந்தத் துகள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் தகட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், தகட்டுக்குள் செங்குத்தாக நானோ அளவுத் துளைகள் விழும். மின்னோட்டத்தைக் கூட்டினால் துளை அகலும், குறைத்தால் சுருங்கும். மின்னோட்டத்தை அலைபோல ஏற்றி இறக்கினால் அகலமும் சுருக்கமும் அடுக்கடுக்காக மாறி மாறி அமையும். அந்த அடுக்கு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். மயில்தோகையின் நீலமும் பச்சையும் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண் அடுக்குகளால் வருகின்றன. இங்கேயும் அதே கதைதான். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இது ஒரு கூர்மையான பீக்காக, அதாவது உச்சியாகத் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட அலைகளைக் கலந்து செலுத்தினால் பல பீக்குகள் வரும், அந்த வரிசைதான் குறியீடு. படலத்தைப் பெயர்த்து நொறுக்கினால் ஒவ்வொரு துணுக்கும் அதே குறியீட்டைச் சுமந்திருக்கும். துளைக்குள் ஆவியோ புரதமோ நுழைந்தால் ஒளிவிலகல் எண் கூடி, பீக் சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளப் பக்கம் நகரும்.

பாடத்தில் இவ்வளவுதான். ஆய்வகத்தில் உங்களை அலைக்கழிக்கப் போகிற கேள்வி வேறு: ஒன்றுமே செய்யாமல் சும்மா வைத்திருக்கும்போது அந்தப் பீக் நகராமல் நிற்கிறதா? கீழே உள்ள படிகளின் வரிசையை இந்தக் கேள்வியை வைத்துத்தான் அமைத்திருக்கிறேன்.

1. எதைக் கண்டறியப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆவியா, புரதமா என்பதைப் பொறுத்துத் துளையின் அளவு, மேற்பரப்பின் வேதியியல், தேவைப்படும் அனுமதி எல்லாமே மாறும். எந்தத் தலைப்பாக இருந்தாலும் முதல் அளவீட்டை எத்தனால் ஆவியில் செய்யுங்கள். மலிவு, உடனே தெரியும், திரும்பத் திரும்பச் செய்யலாம்.

எடுத்த எடுப்பில் ஆன்டிபாடிக்கு (உடலின் எதிர்ப்புப் புரதத்துக்கு) போகிறவர்கள் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. ஆன்டிபாடி மூலக்கூறு சுமார் 10 முதல் 15 நானோமீட்டர் அகலம். மிதமான மின்னோட்டத்தில் வரும் துளை பெரும்பாலும் அதே அளவில் இருக்கும், சில சமயம் அதைவிடச் சிறிதாகவும் இருக்கும். மூலக்கூறு வாசலிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும், பீக் அசையாது. நீங்கள் ஆன்டிபாடியில் குறை என்று நினைத்துப் புதுக் குப்பி வாங்குவீர்கள்.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் செய்லரின் குழு 2002-இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வெளியிட்ட வேலையில், பீக்கை வெறும் பெயர்ப்பலகையாக மட்டும் பயன்படுத்தினார்கள். எந்தத் துகள் எது என்று சொல்வது பீக்; அதன் மேல் மூலக்கூறு ஒட்டியதா என்று சொல்வது ஒளிரும் சாயம். புரத வேலை செய்ய நினைப்பவர்கள் இந்த வழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், துளைக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

2. காகித வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

எங்கள் கல்லூரியில் அமில அனுமதிக்கு மட்டும் இரண்டரை மாதம் ஆனது. வேஃபர் வந்து மேசையில் கிடந்தது, அமிலம் வரவில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால் இந்தக் காத்திருப்பு இருந்திருக்காது.

ஆசிட் வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களும் ஆய்வகங்களும் பயன்பாட்டுப் பதிவேடு வைக்க வேண்டும், அதைக் கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும், பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று வேதியியல் துறையில் கேளுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது, அதே பதிவேட்டில் ஒரு பக்கம் வாங்கிக்கொள்ளலாம்.

நான் கடைசியில் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தவை இவை: நெறியாளரும் துறைத் தலைவரும் கையெழுத்திட்ட தேவைக் கடிதம், அதில் அளவும் பயன்பாடும் தெளிவாக, விற்பனையாளரிடம் வாங்கிய பாதுகாப்புத் தரவுத் தாள், அமிலம் எங்கே, எந்தப் பூட்டுக்குள் இருக்கும் என்று ஒரு பக்கம், விபத்து நடந்தால் யார் என்ன செய்வார்கள் என்று ஒரு பக்கம், கழிவை எப்படி அகற்றுவோம் என்று ஒரு பக்கம். முதல் தடவை தேவைக் கடிதத்தை மட்டும் கொடுத்தேன். மூன்று முறை திரும்பி வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு தாளைக் கேட்டு.

500 மில்லி போதும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இது இருப்பில் வைக்க வேண்டிய பொருள் கிடையாது. விலைப்புள்ளியில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, ஆபத்தான சரக்குக்கான தனிப் போக்குவரத்துக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு அந்தப் போக்குவரத்துக் கட்டணம் அமிலத்தின் விலையைவிட அதிகமாக வந்தது, பட்ஜெட்டில் அதற்கு இடமே வைத்திருக்கவில்லை.

3. அமிலத்தைத் தொடும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கந்தக அமிலத்தைப் போலப் பட்டவுடன் சுட்டெரித்து எச்சரிக்காது. நீர்த்த அமிலம் பட்டால் வலி பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் ஃபுளோரைடு தோலைக் கடந்து போய் உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய பரப்பில் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். நாம் வாங்குவது 48 சதவீத அமிலம்.

கால்சியம் குளுக்கோனேட் ஜெல், 2.5 சதவீதம், அமிலம் வருவதற்கு முன்பே ஆய்வகத்தில் இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். தோலில் பட்டால் உடையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெல் தேய்ப்பவரும் கையுறை போட்டிருக்க வேண்டும்.

நான் செய்ததில் எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிற காரியம் ஒன்று. பாதுகாப்புத் தரவுத் தாளின் நகலோடு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரில் போனேன். "இப்படி ஓர் அமிலத்தில் வேலை செய்யப் போகிறோம், கால்சியம் குளுக்கோனேட் ஊசி உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டேன். பணியில் இருந்த மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, பிரிவின் கோப்பில் சேர்க்கச் சொன்னார். அரை நாள்கூட ஆகவில்லை.

தனியாக வேலை செய்யாதீர்கள், இரவில் செய்யாதீர்கள். கண்ணாடிப் பாத்திரம் எதுவும் கூடாது, அமிலம் கண்ணாடியைத் தின்றுவிடும். பாலிபுரொப்பிலீன், எச்.டி.பி.இ., டெஃப்லான் ஆகிய பிளாஸ்டிக்குகள் மட்டும். உள்ளே ஒரு நைட்ரைல் கையுறை, மேலே முழங்கை வரை வரும் நியோப்ரீன் கையுறை, முகக்கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன், மூடிய செருப்பு. ஸ்பெக்ட்ரோமீட்டரையும் ஒளியிழைகளையும் ஃப்யூம் ஹூட் (அமில ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) பக்கத்தில் வைக்காதீர்கள். ஆவி பட்டு லென்ஸ் மங்கிப்போகும். எங்கள் முதல் இழையின் முனை அப்படித்தான் வீணானது.

கழிவைத் தனி எச்.டி.பி.இ. குடுவையில், காற்றுப் போகும் மூடியோடு சேருங்கள். ஹைட்ரஜன் சேரக்கூடும், இறுக்கி மூடினால் குடுவை உப்பும். அதைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கால்சியம் ஃபுளோரைடாகப் படியும். கழிவைத்தான் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், சுண்ணாம்பைக் கழிவில் கொட்டக் கூடாது. படிவு அபாயகரக் கழிவுக் கணக்கில் போக வேண்டும்.

4. வேஃபர்: என் பணம் போன இடம்

விலைப்பட்டியலில் "பி-டைப் சிலிக்கான் வேஃபர், 4 அங்குலம்" என்று பார்த்து, விலையும் குறைவாக இருந்ததால் பத்து வாங்கினேன். அதன் மின்தடை எண் 1 முதல் 10 ஓம் செ.மீ. நமக்கு வேண்டியது அதைவிட ஆயிரம் மடங்கு குறைவானது. அந்த வேஃபரில் துளைகள் ஓரிரு நானோமீட்டர்தான் வரும், பின்புறம் உலோகப் பூச்சு இல்லாமல் மின்சாரமும் சரியாகப் போகாது. ஆறு வாரம் கரன்ட் சோர்ஸை, அதாவது மின்னோட்டம் தரும் கருவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆர்டரில் நீங்கள் எழுத வேண்டியது இது: போரான் கலந்த பி-டைப், 100 திசை, மின்தடை எண் 0.0008 முதல் 0.0012 ஓம் செ.மீ., ஒரு பக்கம் பாலிஷ், 100 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 525 மைக்ரோமீட்டர் தடிமன். "0.005-க்குக் கீழ்" என்று மட்டும் போட்டிருக்கும் பெட்டி விலை குறைவாகக் கிடைக்கும். வேண்டாம். அந்த எல்லைக்குள்ளேயே வேஃபருக்கு வேஃபர் துளை மாறும், நேற்று பச்சையாக வந்தது இன்று மஞ்சளாக வரும். ஒரே லாட்டிலிருந்து மொத்தத் தேவையையும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்தடை எண் குறித்த சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். ஆய்வேடு எழுதும்போது அந்த எண்ணைத் தேட வேண்டியிருக்காது.

நான் வாங்கியபோது சரியான வேஃபர் ஒன்று 2,500 ரூபாய்க்கு மேல் ஆனது, வந்து சேர ஏழு வாரம். வைரமுனைக் கீறியால் 2 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் ஒரு வேஃபரில் 12 முழுத் துண்டு தேறும். முதல் இரண்டு மாதத்தில் ஐம்பது துண்டுகளாவது செலவாகும் என்று கணக்குப் போடுங்கள்.

5. செல், மின்சாரம், ஒளி

எச்சிங் செல்லை, அதாவது அமிலத்தால் துளையிடும் கலத்தை, இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. டெஃப்லான் உருளையில் நடுவே துளை, கீழே ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரப் பள்ளம், அடியில் ஒரு தட்டு, நான்கு போல்ட். படம் வரைந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் கடைந்து கொடுப்பார்கள். பள்ளத்தின் ஆழம்தான் முக்கியம், ஓ-ரிங் சற்றே மேலே தெரிய வேண்டும். ஓ-ரிங் வைட்டான் வகையாக இருக்கட்டும். அமிலம் படும் பரப்பு 1.2 சதுர செ.மீ. அளவில் போதும். பரப்பைப் பெரிதாக்கினால் மின்னோட்டம், அமிலம், ஆபத்து எல்லாம் சேர்ந்து கூடும். வேஃபரின் பின்புறம் அலுமினியத் தாள் வைத்து அழுத்தினாலே இணைப்பு கிடைக்கும், இந்த வகை வேஃபரின் வசதி அது. அமிலம் கசிந்தால் முதலில் கரைவது அந்தத் தாள்தான். அதனால் எச்சிங் தொடங்கும் முன் செல்லில் எத்தனால் மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கசிவைப் பாருங்கள்.

எதிர்முனைக்குப் பிளாட்டினம் கம்பிச் சுருள் அல்லது வலை. கிராம் கணக்கில் அன்றைய விலைக்குத்தான் வரும், விலைப்புள்ளியின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். பயன்படுத்திய பிறகு பூட்டி வையுங்கள்.

மின்சாரத்துக்குக் கீத்லி 2400 வகைத் துல்லிய மின்னோட்டக் கருவி இருந்தால் வேலை எளிது. அதன் விலை லட்சங்களில். இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். 1.2 சதுர செ.மீ. பரப்புக்குச் சதுர செ.மீட்டருக்கு 100 மில்லிஆம்பியர் என்றாலும் மொத்தம் 120 மில்லிஆம்பியர்தான். ஒரு ஆர்டுயினோ, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் 12 பிட் டி.ஏ.சி. சில்லு, ஒரு ஆப்-ஆம்ப், ஒரு மாஸ்ஃபெட் சேர்த்து மின்னணுவியல் துறை நண்பர் ஒருவர் எனக்கு ஒரு சோர்ஸ் செய்து கொடுத்தார். இன்று வரை அதில்தான் ஓட்டுகிறேன்.

ஒளிக்கு டங்ஸ்டன் ஹாலோஜன் விளக்கு, இரு கிளை ஒளியிழை, 400 முதல் 1000 நானோமீட்டர் படிக்கும் சிறிய ஸ்பெக்ட்ரோமீட்டர். மொத்தச் செலவில் பெரிய தொகை இதுதான், முதல் வருடமே வாங்கத் தேவையில்லை. ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பக்கத்து ஊர்க் கருவிகளைத் தேடிப் பதிவு செய்யலாம். மின்னணு நுண்ணோக்கிப் படத்துக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் என்னும் பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. கிளீன்ரூம் தேவைப்பட்டால் ஐ.என்.யு.பி. ஐ2ஐ என்னும் நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்தில் விண்ணப்பியுங்கள், பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதில் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் கல்வி நிறுவனக் கட்டணம் வேண்டுமென்றால் அடையாள அட்டை நகலும் நெறியாளரின் கையெழுத்தும் தயாராக இருக்கட்டும். வரிசை நீளம். மாதிரி தயாரான பிறகு முன்பதிவு செய்யலாம் என்றிருந்தால் மாதிரி காத்துக் கிடந்தே கெட்டுவிடும்.

6. எச்சிங்

48 சதவீத அமிலம் மூன்று பங்கு, எத்தனால் ஒரு பங்கு. எத்தனால் இல்லாவிட்டால் ஹைட்ரஜன் குமிழ் பரப்பில் ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகத் தழும்பு விடும்.

முதலில் ஒரு தியாகப் படலம் போடுங்கள். சில நிமிடம் எச் செய்து, எத்தனாலில் கழுவி, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அதைக் கரைத்துவிட வேண்டும். பரப்பில் இருந்த அழுக்கு அதோடு போய்விடும். அடுத்த அமிலம் ஊற்றும் முன் தண்ணீரிலும் எத்தனாலிலும் நன்றாகக் கழுவுங்கள். காரமும் அமிலமும் செல்லுக்குள் சந்திக்கக் கூடாது.

பிறகு அலை. சதுர செ.மீட்டருக்கு 15 முதல் 85 மில்லிஆம்பியர் வரை ஏறி இறங்கும் சைன் அலை என்று வைத்துக்கொள்வோம், சராசரி 50. ஒரு சிலிக்கான் அணு கரைய இரண்டு எலக்ட்ரான் என்று கணக்கிட்டால், 65 சதவீதம் வெற்றிடமுள்ள படலம் விநாடிக்கு ஏறத்தாழ 48 நானோமீட்டர் ஆழம் போகும். 600 நானோமீட்டரில் பீக் வேண்டும், சராசரி ஒளிவிலகல் எண் 1.8 என்றால், ஓர் அடுக்கின் தடிமன் 600-ஐ 3.6-ஆல் வகுத்து 167 நானோமீட்டர். ஆக ஒரு சுற்றுக்கு மூன்றரை விநாடி. ஐம்பது சுற்று ஓட மூன்று நிமிடம்கூட ஆகாது. உங்கள் வேஃபரில் எண் சற்று மாறும். 3, 3.5, 4, 4.5 விநாடிகளில் நான்கு துண்டு ஓட்டிப் பீக் எங்கே விழுகிறது என்று வரைபடம் போட்டுவிடுங்கள். அந்த ஒரு தாள் உங்களுக்கு வருடக்கணக்கில் உதவும்.

சதுர அலை எளிதாயிற்றே என்று தோன்றும். அதில் 800-இல் பீக் போட்டால் அதன் பாதி அலைநீளமான 400 பக்கத்திலும் போலிப் பீக் எட்டிப் பார்க்க வாய்ப்புண்டு, குறியீடு குழம்பும். சைன் அலையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

முடிந்ததும் எத்தனாலில் கழுவி, படலம் தடிமனாக இருந்தால் கடைசியாக ஹெக்ஸேனிலும் அலசிக் காயவையுங்கள். தண்ணீரிலிருந்து நேரே உலர்த்தினால் பரப்பிழுவிசையில் படலம் கோடை ஏரி போல வெடித்துவிடும்.

7. தராசு

காசில்லாத சோதனை இது, பலர் விட்டுவிடுகிறார்கள். எச்சிங்குக்கு முன் எடை, பின் எடை, பிறகு படலத்தைக் காரத்தில் கரைத்துவிட்டு எடை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை, முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வெற்றிடச் சதவீதம். 20 மைக்ரோமீட்டர் படலத்தில் மொத்தமே ஐந்தரை மில்லிகிராம்தான் பேசுகிறோம், எனவே 0.01 மில்லிகிராம் படிக்கும் தராசு வேண்டும். மருந்தியல் கல்லூரிகளில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

8. குறியீடு

இரண்டு மூன்று சைன் அலைகளைக் கூட்டி ஒரே அலையாகச் செலுத்துவதுதான் முறை. 500 முதல் 800 வரை 50 நானோமீட்டர் இடைவெளியில் ஏழு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் பீக் உண்டு, இல்லை என்று வைத்தால் 127 குறியீடு. கணக்கு அழகாக இருக்கிறது என்று ஏழையும் ஒரே துகளில் திணிக்காதீர்கள். மொத்த ஏற்ற இறக்கத்தை ஏழு அலைகள் பங்குபோட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு பீக்கும் குட்டையாகிவிடும், அதை ஈடுகட்டப் படலத்தைத் தடிமனாக்க வேண்டும். தடிமனானால் அடியில் அமிலம் தீர்ந்துபோய் எச்சிங் மெதுவாகும், கீழ் அடுக்குகள் மேல் அடுக்குகளோடு பொருந்தாது, பீக் அகன்று போகும். இரண்டு, அதிகம் போனால் மூன்று பீக் வைத்துத் தொடங்குங்கள்.

இன்னொன்று. துளை நிரம்பும்போது எல்லாப் பீக்கும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் நகரும். ஆகவே குறியீட்டை அலைநீளமாகப் பதிவு செய்வதோடு, பீக்குகளுக்கு இடையிலான விகிதமாகவும் பதிவு செய்யுங்கள். நனைந்த துகளையும் அடையாளம் காண முடியும்.

9. பெயர்த்து நொறுக்குதல்

எத்தனாலில் சுமார் 3.3 சதவீத அமிலம், சதுர செ.மீட்டருக்கு நான்கு மில்லிஆம்பியர் அளவு, நான்கைந்து நிமிடம். அடிப்பகுதி கரைந்து படலம் மிதந்து வரும். எத்தனாலில் போட்டு அல்ட்ராசானிக் தொட்டியில் வைத்தால் நொறுங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள், சில பத்து மைக்ரோமீட்டர் வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் தூளாகி, ஒரு துகளிலிருந்து தனி நிறமாலை எடுக்க முடியாது. வடிவம் ஒழுங்கற்றுத்தான் வரும், கவலை வேண்டாம்.

10. நிலைப்படுத்துதல்

நான் மிக அதிகமாகக் கலங்கிய இடம் இது. வெள்ளிக்கிழமை மாலை 612-இல் இருந்த பீக் திங்கட்கிழமை காலை 600-க்கு வந்திருந்தது. யாரும் தொடவில்லை. விளக்கு, ஸ்பெக்ட்ரோமீட்டர், மென்பொருள் எல்லாவற்றையும் சோதித்தேன். குற்றவாளி காற்று. எச்சிங் முடிந்த பரப்பில் சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கும். அவை ஈரக்காற்றில் மெல்ல ஆக்ஸைடாகும். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சிலிக்கானைவிட மிகக் குறைவு, எனவே பீக் நீலப் பக்கம் போகும். பஃபர் கரைசலில் (அமில-காரத் தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) இன்னும் மோசம், மணிக்கணக்கில் துகளே கரையத் தொடங்கும்.

ஆகவே நிலைப்படுத்தாத துகளில் எடுத்த எந்த அளவீட்டையும் நம்பாதீர்கள். இரண்டு வழி எனக்குக் கைகொடுத்தது. ஒன்று, மஃபிள் உலையில் காற்றிலேயே 600 டிகிரியில் ஒரு மணி நேரம். உலை எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். இதில் பீக் நீலப் பக்கம் பெரிதாக நகரும், துளையும் சற்றுச் சுருங்கும். அதனால் எச்சிங்கிலேயே பீக்கைச் சிவப்புப் பக்கம் தள்ளி வடிவமையுங்கள். இரண்டாவது, அன்டெசிலெனிக் அமிலத்தில் நைட்ரஜன் சூழலில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். நல்ல நிலைப்பு, கூடவே புரதத்தை இணைக்க வசதியான கார்பாக்சில் முனையும் கிடைக்கும். பிறகு எத்தனாலில் பலமுறை கழுவ வேண்டும், மிச்ச அமிலம் துளையில் தங்கினால் பீக் பொய் சொல்லும்.

அப்புறம், சும்மா வைத்துப் பாருங்கள். பயன்படுத்தப் போகும் அதே காற்றில் அல்லது அதே பஃபரில் 24 மணி நேரம், மணிக்கு ஒரு நிறமாலை. நீங்கள் கண்டறிய நினைக்கும் நகர்வு 2 நானோமீட்டர் என்றால், இந்தக் கோடு அதில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். நிற்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு இதற்கே ஆறு வாரம் ஆனது, அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட வீணில்லை.

11. முதல் அளவீடு

ஒரு சொட்டு எத்தனால் விடுங்கள். பச்சைத் துகள் சிவக்கும், காய்ந்ததும் பச்சைக்குத் திரும்பும். இது வெறும் கண்ணுக்கே தெரியும். முதல் முறை பார்த்தபோது பக்கத்து ஆய்வகத்திலிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆவிக்கு, நைட்ரஜனை எத்தனால் வழியே குமிழ விட்டு, சுத்த நைட்ரஜனோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து செலுத்துங்கள். அறைக்காற்றை வைத்துச் செய்யாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் ஈரப்பதத்தில் ஆக்ஸைடு துகள் தண்ணீரைத்தான் உணரும். தனித்துகளை நுண்ணோக்கியில் படிக்கும்போது 10 மடங்கு லென்ஸ் போதும். பெரிய லென்ஸ் பல கோணத்து ஒளியைச் சேர்த்துவிடுவதால் பீக் அகன்று நீலப் பக்கம் சாயும். பீக்கின் உச்சிப் புள்ளியை எடுக்காமல் வளைவைப் பொருத்தி மையத்தை எடுத்தால் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்வைக்கூடப் பின்தொடரலாம்.

12. புரதத்துக்குப் போகும்போது

ரத்த மாதிரி வேண்டும் என்ற எண்ணம் வந்த அன்றே நிறுவன நெறிமுறைக் குழுவின் அடுத்த கூட்டத் தேதியைக் கேளுங்கள். எங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். அதுவரை விலைக்கு வாங்கிய தூய புரதத்தில் வேலை செய்யலாம். புரோட்டீன் ஏ-யும் ஐ.ஜி.ஜி. என்னும் ஆன்டிபாடியும் நல்ல ஜோடி, இரண்டும் நம்பகமாக ஒட்டும். கார்பாக்சில் முனையில் இ.டி.சி., என்.எச்.எஸ். என்னும் இணைப்பு வேதிப்பொருள்கள் வழியாகப் புரோட்டீன் ஏ-யை இணைத்து, மீதிப் பரப்பை பி.எஸ்.ஏ.வால் (மாட்டு ரத்தப் புரதத்தால்) மூடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு குறியீடு கொண்ட, பி.எஸ்.ஏ. மட்டும் பூசிய துகள்களையும் அதே குழாயில் போடுங்கள். குறியீட்டின் உண்மையான லாபம் இங்கேதான் கிடைக்கிறது: சோதனைத் துகளும் கட்டுப்பாட்டுத் துகளும் ஒரே கரைசலில், ஒரே வெப்பத்தில், ஒரே நேரத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அது பிணைப்பு இல்லை, வெறும் ஒட்டல்.

ஐ.ஜி.ஜி. பனிப்பெட்டியில் வரும். வெள்ளிக்கிழமையோ பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாளோ வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். வாட்ச்மேன் அறையில் நான்கு நாள் கிடந்த என் முதல் குப்பியை அப்படியே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. வந்தவுடன் 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள்.